கட்டிலிலிருந்து இறக்கு

1

போன வாரம் டிஸ்பென்சரியில் ஒரு கிராணி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. ஊரில் குமாஸ்தா என்பவரை மலாயாவில் கிராணி என்பார்கள். பினாங்கில் எந்த ஆபீசுக்குப் போனாலும் வாசலில் ஒரு கிராணி உட்கார்ந்திருப்பான். அவனைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும்.

என் மகள் மீனாட்சி கூட வந்திருந்தாள். எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான். அங்கே நிரப்பக் கொடுத்த பாரம் முழுக்க இங்கிலீஷ். அவள்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். என்ன வியாதி என்ற இடத்தில் இடுப்பு வலி என்று எழுதினாள். என்ன வேலை என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"அப்பா, நீங்க செய்றதுக்குப் பேரு என்ன?"

எனக்கும் தெரியவில்லை. எழுதாமலே கொடுத்தோம். அந்தக் கிராணி தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் போல. தமிழிலேயே கேட்டான்.

"என்ன வேலை செய்ற?"

"ஒரு முதலாளியப் பாத்துக்கிறேங்க. படுத்த படுக்கையா இருக்காரு."

"அது ஒரு வேலையா? மூட்டை தூக்குறியா?"

"இல்லைங்க."

"மண்ணு வெட்டுறியா?"

"இல்லைங்க."

"பெறகு எப்படிய்யா இடுப்பு போச்சு? வீட்டுக்குள்ள காத்தாடிக்குக் கீழ இருக்கிற ஆளு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் காலியாக இருந்த இடத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதினான். வெளியே வந்தபின் மகளிடம் கேட்டேன். 'வீட்டு வேலைப் பையன்' என்று எழுதியிருக்கிறான் என்றாள். எனக்கு நாற்பத்தாறு வயது.

நான் வாய் திறக்கவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம். நாலு முகம் சேர்ந்து பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே சொல்லாததை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். மலாயாவிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் மோட்டார் காரையும் மின்சார விளக்கையும் எழுதுவார்கள். நான் இடுப்பைப் பற்றி எழுதுகிறேன். விருப்பமில்லாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

2

என் ஊர் ஆலங்குடிக்குத் தெற்கே. நாற்பத்தொன்பதில் கப்பலேறினேன். வந்ததும் ஒன்பது வருஷம் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினேன். அந்த ஒன்பது வருஷத்திலும் இந்த வலி கிடையாது. இதைத்தான் அந்தக் கிராணியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூட்டைக்குக் காது உண்டு, பிடித்துத் தூக்கலாம். முதுகில் ஏற்ற ஒருவன் கை கொடுப்பான், இறக்க ஒருவன் நிற்பான். மூட்டைக்குப் பயம் கிடையாது. மனுஷனைத் தூக்கினால் அவன் பயந்துபோய் நம் கழுத்தைப் பிடித்துத் தொங்குவான். அவனைத் தொப்பென்று போடவும் முடியாது.

நான் பார்த்துக்கொள்கிற முதலாளி நம் ஜில்லாக்காரர், விராலிமலைப் பக்கம். ஜவுளிக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். நாலு வருஷத்துக்கு முன் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணிப்போனாலும் பேச்சு போகவில்லை. அந்த மாதமே நான் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்கு எதிர்த்தாற்போல் வீடு. முன்னறையில் தரையில் மெத்தை போட்டு அதில்தான் படுத்திருந்தார்.

தரையில் என்பதைக் கவனியுங்கள். காலையில் போனதும் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் கொடுத்து ஒருக்களிக்க வேண்டும். என் தலை அவர் மார்புக்கு மேலே தொங்கும். முதுகு வளைந்து நிற்கும். அதற்கு ஓர் ஊன்றுகோல் கிடையாது. விரிப்பை மாற்ற ஒரு பக்கம் உருட்டி, எழுந்து சுற்றிப் போய் மறுபடி மண்டியிட்டு, அந்தப் பக்கம் உருட்ட வேண்டும். மலத்துக்குத் தட்டு வைக்கும்போது ஒரு கையால் அவர் இடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் தள்ள வேண்டும். சோறு ஊட்டும்போது சம்மணம் போட்டு உடம்பை மட்டும் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். எல்லாவற்றிலும் கெட்டது, குளிப்பாட்ட அவரை நாற்காலியில் ஏற்றுவது. அக்குளில் கை கொடுத்துத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தூக்கியாக வேண்டும். பாதித் தூரத்தில் நிறுத்தி மூச்சு வாங்க முடியாது.

முதலாளிக்கு இது தெரியும். சும்மா இருக்க மாட்டார்.

"ஏண்டா ஆலங்குடியான், நீ என்னயத் தூக்குறியா, நான் ஒன்னயத் தூக்குறனா?"

"நீங்கதாங்க தூக்குறீங்க. நான் சும்மா தொங்குறேன்."

"அதான் எனக்கு மூச்சு வாங்குது."

ஒருநாள் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "நாலு வருஷமாக் காலத்தான்டா பாக்குறேன். மனுஷன் மொகமே மறந்துபோச்சு. எம்மகன் வந்தாக்கூடப் பெருவெரல வச்சுத்தான் அடையாளம்."

சிரித்தேன். ஆனால் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து அவர் கண் போகிற திசையில் பார்த்தால் உண்மைதான். நாற்காலிக் கால், கதவின் அடிப்பலகை, வருகிறவர்கள் பாதம். ஜன்னல் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது.

3

இவ்வளவுக்கும் அந்த வீட்டில் கட்டில் இருக்கிறது.

வாதம் வந்தபோதே டாக்டர் சொல்லி வாங்கிய உயரமான இரும்புக் கட்டில். தலைமாட்டைச் சுற்றினால் மேலே வரும். ஆஸ்பத்திரிச் சாமான். அது பின்கட்டு அறையில் சுவரோரமாகக் கிடந்தது. அதன் மேல் மிளகாய் வற்றலும் பழைய தலையணையும் முறமும் குவிந்திருந்தன.

சேர்ந்த புதிதில் முதலாளியின் மனைவியிடம் கேட்டேன். நாங்கள் எல்லாரும் அவர்களைப் பெரியம்மா என்போம்.

"கட்டில்ல உயிர் போனாக் கதி இல்லப்பா" என்றார்கள். "மேலயும் போகாம கீழயும் வராம அந்தரத்துல அலையும். எப்பப் போவாருன்னு யாரு கண்டா? தரையிலயே இருக்கட்டும்."

உங்களுக்கும் இது தெரிந்ததுதான். நம் பக்கத்தில் சாகப்போகிறவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கிவிடுவோம். கடைசி ஒரு மணி நேரத்துக்கு உள்ள வழக்கம் அது. பெரியம்மா அதை நாலு வருஷத்துக்கு இழுத்துவிட்டார்கள். இன்றைக்குப் போவாரோ, நாளைக்குப் போவாரோ என்ற பயம். முதலாளி போகவில்லை. போனது என் இடுப்பு.

அன்றைக்கு நான் தலையாட்டினேன். சரிதானே என்று நினைத்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால்தான் இப்போது ஆத்திரம் வருகிறது.

4

டிஸ்பென்சரியில் கிராணியைத் தாண்டிய பிறகு ஒரு மலாய் உதவியாளரிடம் மாட்டினேன். அவர்கள் பாஷையில் இடுப்புக்கும் பீங்கான் தட்டுக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம். என் தட்டு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மீனாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளே மலாயில் பேசினாள், சீன டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினாள். நான் சட்டையைத் தூக்கிக் காட்டியபடி நின்றேன்.

டாக்டர் நல்ல மனுஷன். என்னை என்ன வேலை என்று கேட்கவில்லை. எப்படிக் குனிவாய், செய்து காட்டு என்றார். மண்டியிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. முதுகெலும்புக்கு நடுவில் உள்ள வட்டு நழுவத் தொடங்கியிருக்கிறது, தரையிலிருந்து தூக்காதே, படுக்கை உன் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விடு, இப்படியே போனால் நீயும் படுத்துவிடுவாய் என்றார். மீனாட்சி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

வேலையை எப்படி விடுவது? நாற்பத்தாறு வயதில் இடுப்பு போனவனைத் துறைமுகத்தில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் தொழிலாளர் விவகாரம் பார்க்கிற ஓர் ஆபீசுக்கும் போனேன். அங்கிருந்தவர் டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, வீட்டு வேலைக்காரருக்கு இந்தச் சட்டம் இல்லை என்றார். வீட்டுக்குள்ளே இருந்தால் எலும்பு இரும்பாகிவிடும் போல.

டிஸ்பென்சரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸுக்கு நடந்தோம். மீனாட்சி முன்னால் போனாள். நான் பின்னால் தாங்கித் தாங்கி வந்தேன். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க அப்படியே அம்மா மாதிரி நடக்குறீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு நடுரோட்டில் அறை வாங்கியது போல இருந்தது.

5

இனி எழுதுவது என் குற்றம்.

நான் கப்பலேறிய மறு வருஷம் ஊரில் என் அப்பாவுக்கும் இதே வாதம் வந்தது. நான் ஒரே மகன். அம்மா முன்பே போய்விட்டாள். வீட்டில் என் மனைவி அழகாயியும் மூன்று வயது மீனாட்சியும்தான். அழகாயி விடிந்ததும் மாமனாரைக் கழுவித் துடைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கடலை பிடுங்கப் போவாள். மத்தியானம் ஓடி வந்து புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி போவாள். என் அப்பா ஆள் உயரம், எலும்பு கனம்.

வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. அவள் என்ன யோசித்தாளோ, அதன் நாலு காலுக்கும் செங்கல் அடுக்கி உயர்த்தி அதில் அவரைப் போட்டிருக்கிறாள். என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் போட்டார். 'உன் பெண்டாட்டி உன் தகப்பனைப் பரண் மேல் ஏற்றி வைத்திருக்கிறாள். கட்டிலில் உயிர் போனால் ஊர் உன்னைத்தான் பேசும்.'

நான் துறைமுகக் கூலிகள் தங்கும் லயத்தில் உட்கார்ந்து பதில் எழுதினேன். ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வாத்தியார் சொல்வார். அந்த நல்ல கையெழுத்தில் எழுதினேன்: 'அப்பாவைக் கட்டிலிலிருந்து இறக்கு. இந்தக் கடிதம் கண்டவுடன் இறக்கு.'

அழகாயிக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் வாசலில் நின்று உரக்கப் படித்திருப்பார். அவள் இறக்கினாள்.

அடுத்த வருஷம் அவள் சொல்லித் தபால்காரர் எழுதிய கடிதத்தில் ஒரு வரி: இடுப்பு ரொம்ப வலிக்கிறது. உழைக்கிறவர்களுக்கு வலி இருக்கத்தான் செய்யும் என்று எழுதினேன். ஊருக்குப் போனவரிடம் ஒரு புட்டி தைலம் கொடுத்து அனுப்பினேன். அதையும் அவள் அப்பாவின் காலுக்குத்தான் தேய்த்தாளாம்.

அப்பா அஞ்சு வருஷம் கிடந்தார். தரையில்தான் உயிர் போனது. ஊரில் யாரும் என்னைப் பேசவில்லை. மறு வருஷம் அழகாயியும் மகளும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தார்கள். பினாங்குத் துறையில் நான் காத்திருந்தேன். பலகையில் இறங்கி வருகிற கூட்டத்தில் ஒருத்தி கிழவி மாதிரிக் குனிந்து வந்தாள். முகத்தைப் பார்த்துத்தான் என் மனைவி என்று தெரிந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தையை எழுதுகிறேன்.

"நிமிந்து நட. ஆளுங்க பாக்குறாங்க."

கிராணி என்னைப் பார்த்துச் சிரித்தது பெரிசா, இது பெரிசா?

6

முந்தாநாள் முதலாளியை நாற்காலியில் ஏற்றும்போது, பாதித் தூரத்தில், இடுப்பில் கத்தி பாய்ந்தது போல இருந்தது. மேலே தூக்கவும் முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை. அவரை மார்போடு அணைத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தேன். அடி எனக்குத்தான். அவர் என் மேலே கிடந்தார்.

"ரெண்டு பேத்துக்கும் சேத்து ஒரு ஆளப் போடச் சொல்லுடா" என்றார்.

சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார்கள். அவரைப் புரட்டி மெத்தையில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தேன்.

"ஒனக்கு முடியலன்னாச் சொல்லிரு சுப்பையா. ஒன்னும் தப்பில்ல. வேற எளவயசு ஆளாப் பாக்குறோம்."

வேறு ஆள். அவன் இடுப்பும் போனால் இன்னொரு ஆள். நான் தரையைப் பார்த்துத்தான் பேசினேன். ஆனால் பேசினேன்.

"ஆள மாத்த வேண்டாங்கம்மா. கட்டில எடுத்துப் போடுங்க."

"என்ன பேச்சுப் பேசுற? நீயும் நம்ம பக்கத்து ஆளுதான? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. எங்கப்பாவ அஞ்சு வருஷம் தரையில போட்டு வச்சிருந்தேன். நல்ல கதிக்குத்தான் போனாரு. அவரத் தூக்குனவ இன்னைக்கும் சுவரப் பிடிச்சுத்தான் எந்திரிக்கிறா."

"என்னப்பா செய்ய? பொம்பளையாப் பொறந்தா அது விதி."

"விதி இல்லம்மா" என்றேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. "அது நான் எழுதுன கடுதாசி."

பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. நேரே பின்கட்டுக்குப் போனேன். முறத்தையும் தலையணையையும் கீழே தள்ளினேன். மிளகாய் வற்றல் அறை முழுக்கச் சிதறியது. கட்டிலை இழுத்தேன். இரும்பு தரையில் தேய்ந்து வீடே கூவியது. எதிர்க் கடையில் துணி கிழிக்கிற காதர் ஏதோ விபரீதம் என்று ஓடி வந்தார்.

"என்ன அண்ணே?"

"அந்தப் பக்கம் பிடிங்க."

காதர் பிடித்தார். கட்டிலை ஜன்னலோரம் போட்டு மெத்தையை ஏற்றினோம். காதரே முதலாளியின் தோளுக்கு அடியில் கை கொடுத்துக்கொண்டு என்னைக் கால் பக்கம் அனுப்பினார். கடைசியாக ஒரு தடவை தரையிலிருந்து தூக்கினோம். தலைமாட்டைச் சுற்றி உயர்த்தினேன்.

முதலாளி ஜன்னல் வழியே பார்த்தார். கழுத்தை நீட்டித் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"எவன்டா அது, எங்கடை போர்டுக்குப் பச்சை அடிச்சவன்?"

"சின்ன முதலாளி சொன்னாங்க" என்றார் காதர். "அது ஆச்சு ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா? அவன வரச் சொல்லு. காலோட மட்டும் வராம மொகத்தோட வரச் சொல்லு."

பெரியம்மா நிலைப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவர்களும் நாலு வருஷமாகச் சரியாகத் தூங்காத பெண்பிள்ளைதான்.

"நேரம் வந்தா நீதான் எறக்கணும். அந்த நேரத்துல நீ இல்லாமப் போனா அந்தப் பாவம் ஒன்னத்தான் சேரும்."

"சேரட்டும்மா" என்றேன்.

சின்ன முதலாளி ஈப்போவுக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார். என்னைப் போகச் சொன்னாலும் சொல்வார். இன்றைக்கும் நேற்றும் நான் நின்றபடியே முதலாளிக்கு உடம்பு துடைத்தேன். நின்றபடியே சோறு ஊட்டினேன்.

7

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அழகாயியிடம் சொன்னேன். அவள் தரையில் உட்காருவதில்லை. ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மீனாட்சி மேஜையில் இங்கிலீஷ் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கடுதாசி என்று நான் சொன்ன இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

"மொதலாளி கட்டில்ல படுத்தாச்சா?"

"ஆச்சு."

"ஒசரமா?"

"என் இடுப்பு ஒசரம்."

"நல்லது."

ஒரு கைப்பிடி கீரையை ஆய்ந்து முடித்தாள். தலை நிமிரவில்லை.

"மாமாவையும் அப்படித்தான் போட்டிருந்தேன். முப்பத்திரண்டு நாளு. அந்த முப்பத்திரண்டு நாளும் எனக்கு இடுப்பு வலிக்கல."

மீனாட்சி எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு எறக்கச் சொன்னது?" என்று கேட்டாள்.

அழகாயி அடுத்த கைப்பிடி கீரையை எடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதைச் சொன்னதில்லை.

"நான்தான்" என்றேன்.

மகள் இங்கே வந்தபின்தான் பள்ளிக்கூடம் போனாள், அதுவும் இங்கிலீஷ்; தமிழ் படிக்கத் தெரியாது. இதை அவளுக்கு நானே படித்துக் காட்டுவேன். ஊரில் இருக்கிறவர்கள் தாங்களே படித்துக்கொள்ளுங்கள். இறக்கு என்று எழுதிய அதே கைதான் இது. உங்கள் வீட்டில் யாராவது படுத்துக் கிடந்தால் கட்டிலில் போடுங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் காலுக்குச் செங்கல் வையுங்கள். கடைசி நேரத்தில் இறக்குவதற்கு நாலு பேர் ஓடி வருவார்கள். அதுவரைக்கும் தூக்குகிறவள் ஒருத்திதான். அவள் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால், வலிக்கிறது என்றுதான் அர்த்தம்.